பிரபலமாயிருப்பதே தொழிலானால்?

வித்தையில்லாமல் வரும் கீர்த்தியைப் பற்றி வீட்டுக்கு வீடு பேச்சாயிருக்கிறது. அந்தக் கீர்த்திக்கு விலை கொடுப்பவர் யார் என்பதைப் பற்றித்தான் பேச்சில்லை.

காவிரிப் படுகையில் ஒரு நடுத்தர ஊர். கடைத்தெருவின் முனையில் மூன்று மாடிகளுடன் எழும்பி நிற்கும் கைப்பேசிக் கடைக்கு அன்று திறப்பு விழா. விடியற்காலையில் கணபதி ஹோமம் முடிந்து, அதன் புகை கண்ணாடிக் கதவுகளில் இன்னும் படிந்திருக்க, வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, நாற்பது ஆண்டுகளாகக் கோயில்களிலும் கல்யாணப் பந்தல்களிலும் வாசித்துப் பழகிய நாதஸ்வர வித்வான் ஒருவர் கல்யாணி ராகத்தை நிதானமாக விஸ்தரித்துக்கொண்டிருந்தார். கேட்பாரே இல்லை என்று சொல்வதற்கில்லை. எதிர்வரிசைப் பூக்கடைக்காரர் தொடுத்த சரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தார். கறுப்புச் சட்டைப் பவுன்சர்கள் நெட்டித் தள்ளியும் சவுக்குக் கட்டைத் தடுப்பை விட்டு நகராத ஜனக்கூட்டம், உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளின் வழியாகவே அவரைத் தரிசித்தது. கடை மேலாளர் ஓடிவந்து கையை அசைத்தார். ஆலாபனை பாதியில் நின்றது. ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு கிளம்பிற்று. வித்வான் சீவாளியைக் கழற்றித் துடைத்துச் சிறிய டப்பாவில் வைத்தபடியே, பக்கத்தில் எம்பிக் குதித்துக்கொண்டிருந்த பையனிடம் கேட்டார்:

“யாரு தம்பி இவங்க?”

“இவங்களைத் தெரியாதா தாத்தா? செம ஃபேமஸ்!”

“என்ன பண்றாங்க?”

“அதான் சொன்னேனே, ஃபேமஸ்னு!”

பையன் பரிகாசம் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த உண்மையை மறைக்காமல் சொன்னான். அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின், 1960-களின் தொடக்கத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதி நிறுவ முயன்றதும் ஏறத்தாழ இதைத்தான்: அறியப்பட்டிருப்பதற்காகவே அறியப்படும் மனிதர்கள் என்று ஒரு புது ஜாதியைப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் சேர்ந்து சிருஷ்டித்துவிட்டன என்பது அவர் கட்சி.

பழைய வழக்கு

திறமைசாலிக்குத்தான் கீர்த்தி என்பது பண்டைக் காலத்துத் தர்மம் போலவும், அதை இன்றைய தலைமுறை கெடுத்துவிட்டது போலவும் பெரியவர்கள் வருந்துவதைக் கேட்கிறோம். அந்த வருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அரசர்கள் பிறப்பினால் புகழ் பெற்றார்கள்; செல்வர்கள் சொத்தினால் பெற்றார்கள். வள்ளுவரோ ஈகை என்னும் அதிகாரத்தை அடுத்தே புகழ் என்னும் 24-ஆம் அதிகாரத்தை வைத்து, அதன் முதற்குறளிலேயே கொடையையும் புகழையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார். வித்தையைப் பற்றி அந்தக் குறளில் பேச்சில்லை. போதாக்குறைக்கு, வித்தையை யார் கற்கலாம், எந்தச் சபையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதியும் பாலும் தீர்மானித்த காலத்தில், எத்தனை சாரீரங்கள் அடுப்பங்கரையிலும் வயற்காட்டிலும் எழுந்து அங்கேயே அடங்கின என்பதற்குக் கணக்கு ஏது? கைப்பேசி வந்து அந்தக் கதவை ஓரளவேனும் உடைத்திருக்கிறது என்றால், உடைத்த சத்தத்தைக் கேட்டு முகம் சுளிப்பது நியாயமாகாது.

பிரபலங்களின் அந்தரங்கத்தை விற்றுப் பிழைப்பதும் நேற்று முளைத்ததன்று. 1940-களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் முதலில் ‘சினிமா தூது’, பிறகு ‘இந்துநேசன்’ என்னும் பத்திரிகைகளில் நட்சத்திரங்களின் படுக்கையறைக் கதைகளை அச்சிட்டு விற்றபோது, வீட்டில் அதை ஒளித்து வைத்துப் படித்தவர்கள் இன்று வருந்துகிறவர்களின் தாத்தா பாட்டிமார்தாம். 1944 நவம்பரில் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் பாடகரும் நடிகருமான எம்.கே. தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அதே ஆண்டு தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகர் பாகவதர் சிறையில் இருந்தார். பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947-ல் விடுதலை கிடைத்தது. ஆனால் அவர் வெளியே வந்தபோது தமிழ் சினிமா வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதன் பின் வந்த அவர் படங்கள் எடுபடவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கீர்த்தி கைவிட்ட பிறகும் பாகவதரிடம் கச்சேரி இருந்தது. 1959 நவம்பர் 1-ஆம் தேதி, ஐம்பது வயது நிரம்பாத நிலையில் கண்மூடும் வரை, அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். உலகம் தன்னை மறந்த மறுநாள் காலையில் எழுந்து செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறதா என்பதுதான், என் அபிப்பிராயத்தில், இந்த விவகாரத்தின் மையக் கேள்வி. கீர்த்திக்குத் தகுதி வேண்டுமா என்று கேட்பதைக் காட்டிலும், தொழில் ஒன்றும் இல்லாமல் கீர்த்தி மட்டும் கையில் இருப்பவர் எதை விற்பார் என்று கேட்பது பயனுடையது. விற்பதற்கு அவரிடம் அவரைத் தவிர வேறு சரக்கில்லை.

பெட்டிச் செய்தி: பார்வை பணமாகும் விதம்

யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ‘ஷார்ட்ஸ்’ என்னும் குறுங்காணொளிகளானால் 90 நாட்களில் 1 கோடி பார்வைகள். நீண்ட காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் தயாரிப்பவருக்கு; மீதி நிறுவனத்துக்கு. காணொளியில் காட்டுவதற்காக நிறுவனங்கள் கொடுக்கும் பொருள்களைத் தாமே வைத்துக்கொண்டால், அவற்றின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் வரிப்பிடித்தம் உண்டு. இது 2022 ஜூலை 1 முதல் நடைமுறை.

வீட்டுக்குள் ஒரு பெண்

1999-ல் நெதர்லாந்தில் பிறந்தது ‘பிக் பிரதர்’. அறிமுகமில்லாத சிலரை ஒரு வீட்டில் அடைத்து, சுவர்தோறும் காமிரா வைத்து, உண்பதையும் உறங்குவதையும் சண்டையிடுவதையும் ஊருக்குக் காட்டும் அந்த ஏற்பாடுதான் 2006-ல் ஹிந்தியிலும், 2017 ஜூன் 25-ல் கமல்ஹாசன் தொகுத்து வழங்க விஜய் டிவியில் தமிழிலும் ‘பிக் பாஸ்’ ஆயிற்று. தமிழின் முதல் பருவத்தில் பங்கேற்ற ஓவியா, 2010-ல் ‘களவாணி’யில் நாயகியாக நடித்தவர். ஏழாண்டு நடிப்பு அவருக்குத் தேடித் தராத ஜனத்திரளை, அந்த வீட்டில் அவர் வெறுமனே இருந்த சில வாரங்கள் தேடித் தந்தன. நடிக்காமல் இருந்தார் என்பதற்காகவே ஒரு நடிகையை ஜனங்கள் கொண்டாடினார்கள். அதில் ஒரு நியாயமும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் இப்படிப்பட்ட வீடுகளுக்குள் நுழைந்தவர்களில் கீர்த்தியின் முழு விலையையும் செலுத்தியவர் ஓர் ஆங்கிலேயப் பெண். ஜேட் கூடி. லண்டனில் பெர்மண்ட்ஸி பகுதியில், போதைப்பழக்கமுள்ள, சிறைக்குப் போய்வந்த தகப்பனுக்கும், விபத்தில் ஒரு கை செயலிழந்த தாய்க்கும் மகளாக வளர்ந்து, பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். 2002-ல், இருபது வயதில், பிரிட்டிஷ் ‘பிக் பிரதர்’ வீட்டுக்குள் போனார். தம் தேசத்தின் ஒரு பகுதியான கிழக்கு ஆங்கிலியாவை ஏதோ அயல்நாடு என்று எண்ணிப் பேசிய அவருடைய அறியாமையைக் கண்டு நாடே சிரித்தது; பரபரப்புப் பத்திரிகைகள் அவரைப் பன்றி என்று எழுதின. அவர் ஜெயிக்கவில்லை, நான்காம் இடம். ஆனால் வெளியே வந்ததும், சிரித்தவர்களே காசு கொடுத்து அவரைப் பார்க்கத் தயாராக இருந்தார்கள் என்பது தெரிந்தது. தொலைக்காட்சித் தொடர், உடற்பயிற்சிக் குறுந்தகடு, சுயசரிதை, தம் பெயரில் ஒரு வாசனைத் திரவியம் என்று ஐந்தாண்டுக்குள், பாடவும் ஆடவும் நடிக்கவும் தெரியாத அந்தப் பெண் பெருஞ்செல்வம் ஈட்டினார்.

2007 ஜனவரியில், பிரபலங்களுக்கான ‘பிக் பிரதர்’ வீட்டில் அவரும் நம் நாட்டு நடிகை ஷில்பா ஷெட்டியும் ஒன்றாக இருந்தார்கள். ஜேட் கூடியும் அவர் தோழிகளும் ஷில்பாவை இழிவாகப் பேசிய விதம் நிறவெறி என்று பெருங்கண்டனம் எழுந்தது. பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்புக்கு 40,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். இந்தியாவுக்கு வந்திருந்த பிரிட்டிஷ் நிதியமைச்சர் கார்டன் பிரவுன், பொருளாதாரம் பேச வந்த இடத்தில் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஷில்பா வென்றார். ஜேட் கூடியின் வாசனைத் திரவியத்தைக் கடைகள் விற்பனையிலிருந்து எடுத்தன. ஒரு பாடகி தவறு செய்தால் அவள் பாட்டு மிச்சமிருக்கும். ஒரு தச்சன் தவறு செய்தால் அவன் செய்த நாற்காலி மிச்சமிருக்கும். தம்மையே சரக்காக விற்றவருக்கு, ஜனங்கள் தம்மை வெறுத்த அன்றே கடை சாத்தப்பட்டுவிடுகிறது.

பிராயச்சித்தம் போல, 2008 ஆகஸ்டில் அவர் இந்தியாவுக்கு வந்து ஹிந்தி ‘பிக் பாஸ்’ வீட்டுக்குள் நுழைந்தார். அந்தப் பருவத்தைத் தொகுத்து வழங்கியவர் ஷில்பா ஷெட்டியேதான். நுழைந்து சில நாட்களுக்குள், வீட்டிலிருந்தபடியே அவருக்கு லண்டனிலிருந்து செய்தி வந்தது: கருப்பைவாய்ப் புற்றுநோய். அந்தச் செய்தியை அவர் கேட்டு உடைந்துபோனபோதும் காமிரா ஓடிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பினார். நோய் முற்றியது. இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தார்கள். தமக்குப் பின் அவர்கள் படிப்புக்கும் வாழ்வுக்கும் பணம் வேண்டும் என்று, தம் கல்யாணத்தின் படங்களை ஒரு பத்திரிகைக்கு விற்றார். சிகிச்சையையும் தலைமுடி கொட்டியதையும் உடல் தேய்ந்ததையும் படம்பிடிக்கத் தொலைக்காட்சிக்கு அனுமதி கொடுத்துச் சம்பளம் பெற்றார். 2009 மார்ச் 22-ஆம் தேதி, பிரிட்டனில் அன்னையர் தினமாகக் கொண்டாடப்படும் ஞாயிற்றுக்கிழமையன்று, இருபத்தேழு வயதில் இறந்தார்.

சாவை விற்றாள் என்று அன்று பலர் ஏசினார்கள். அவர் விற்றது உண்மை. வாங்கியவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. இன்னொரு விளைவையும் எழுதாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். அவருடைய நோய் பற்றிய செய்திகள் வெளிவந்த அந்த ஓராண்டில், இங்கிலாந்தில் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வந்த பெண்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட நான்கு லட்சத்துக்கும் மேல் கூடிற்று. அதற்குமுன் பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்த இளம்பெண்களின் வருகை திடீரென்று உயர்ந்தது. அரசாங்கத்தின் சுவரொட்டிகளும் மருத்துவர்களின் உபதேசங்களும் சாதிக்காததை, வித்தை ஏதும் இல்லாத, பரிகசிக்கப்பட்ட ஒரு பெண்ணின் கீர்த்தி சாதித்தது. திறமையில்லாதவருக்குக் கீர்த்தி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சங்கடமான பதில் எனக்குத் தெரியாது.

ரயிலடியில் கேட்ட இரண்டு குரல்கள்

அப்படியானால் திறமை இருந்தால் போதுமா? கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், வறுமை துரத்த, சிறுமியாக ரயிலில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் கண்டெடுக்கப்பட்டார் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் கதை. கண்டெடுத்தவர்கள் அவரை நேரே பல்லக்கில் ஏற்றவில்லை. நாடகக் கம்பெனியில் சேர்த்தார்கள். அங்கே பாடம் இருந்தது, ஒத்திகை இருந்தது, பாலபார்ட் என்னும் சிறுவர் வேஷத்திலிருந்து படிப்படியாக ஏறும் வரிசை இருந்தது, அடிக்கவும் அணைக்கவும் வாத்தியார் இருந்தார். ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் பெற்று நாட்டை அவர் அசத்திய 1930-களின் நடுவில், அவருக்குப் பின்னால் பல ஆண்டு மேடை இருந்தது.

2019-ல் மேற்கு வங்கத்தில் ராணாகாட் ரயில் நிலையத்தில் லதா மங்கேஷ்கரின் பழைய பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்த ராணு மண்டலின் குரலையும் ஒருவர் கேட்டார், கைப்பேசியில் பிடித்தார். சில நாட்களில் இந்தியா முழுவதும் அந்தக் குரல் ஒலித்தது. இசையமைப்பாளர் ஹிமேஷ் ரேஷமியா அழைத்துச் சினிமாவில் பாடவைத்தார். சில மாதங்களில், ராணு மண்டலின் முகப்பூச்சைப் பற்றியும், ரசிகை ஒருத்தியிடம் சிடுசிடுத்ததைப் பற்றியும் கேலிப் படங்கள் பறந்தன. பாட்டை ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் ராணாகாட்டுக்கே திரும்பிவிட்டார். குரல் இருந்தது, அந்தக் குரலைத் தொழிலாக்கித் தரக் கம்பெனியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. முதல் நாளிலேயே சிகரத்தில் நிறுத்தப்பட்டவருக்கு இறங்குவதைத் தவிர வேறு வழி எது?

ஒரு கண்சிமிட்டலுக்குக் கிடைத்த கீர்த்தியும் உண்டு. 2018 பிப்ரவரியில் மலையாளப் படப் பாடல் ஒன்றில் சில விநாடிகள் புருவத்தை உயர்த்திக் கண்ணடித்த பிரியா பிரகாஷ் வாரியரை உலகம் பார்த்தது. பாட்டு மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று ஹைதராபாத்தில் வழக்குப் பதிவாகி, உச்ச நீதிமன்றம் போய்த்தான் அதை ரத்து செய்ய முடிந்தது. படம் திரைக்கு வந்ததோ மறு ஆண்டில். நடித்த படம் வெளிவரும் முன்பே கீர்த்தியும் வழக்கும் வந்துவிடும் காலம் இது.

வாடகை வீட்டுப் புகழ்

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்குத் தடை சொன்னபோதே ஓர் எச்சரிக்கை கிடைத்தது. சில வாரங்களில் தடை விலகியதும் எல்லாரும் அதை மறந்தார்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி இரவு, சீனாவுடனான எல்லைப் பூசலை ஒட்டி 59 செயலிகளை மத்திய அரசு முடக்கியபோது, சுமார் 20 கோடி இந்தியர்கள் பயன்படுத்திய அந்தச் செயலி ஒரே இரவில் மறைந்தது. சிற்றூர்களில், அன்று மாலை வரை லட்சக்கணக்கான ரசிகர்களுக்கு முன் ஆடியவர்கள் மறுநாள் காலையில் வெறும் அண்டைவீட்டுக்காரர்களாக எழுந்தார்கள். மேல்தட்டினர் அதைப் பார்த்துச் சிரித்ததை நான் மறக்கவில்லை. பட்டணத்துச் சபையில் பாடுபவர் அந்தச் சபை மூடினால் இன்னொரு சபைக்குப் போகலாம். ஒரு செயலியின் கணிப்புக்குத் தக்கபடி உதடசைக்கக் கற்றவருக்கு அந்த வசதி இல்லை.

தொழில்நுட்பத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கவும் முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில், விசேஷங்களுக்குச் சமைத்துப் பழகிய ஒரு தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் வயல்வெளியில் பெரிய அண்டா ஏற்றிச் சமைத்து, அந்தச் சோற்றைப் பிறருக்குப் பரிமாறுவதைக் காட்டும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-ல் 1 கோடி சந்தாதாரர்களைத் தாண்டிற்று. கொரோனா நிவாரணத்துக்கு 10 லட்ச ரூபாய் கொடுத்தது. நாளைக்கு யூடியூபே இல்லாமற்போனாலும், கல்யாண வீடுகள் இருக்கும்வரை அவர்களுக்குக் கரண்டி இருக்கிறது.

முகத்தை நம்பியவர்கள்

கீர்த்தியின் செலவுக் கணக்கில் இன்னொரு பத்தி ரசிகனுடையது. பணம் கட்டி ஆடும் ரம்மி விளையாட்டுகளைத் திரையில் பரிந்துரைத்த முகங்களை நம்பிச் சேமிப்பையும் நகையையும் இழந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த முகங்களில் சில, வித்தையில்லாத பிரபலங்களுடையவை அல்ல. மெய்யாகவே நல்ல கலைஞர்களுடையவை. நடிக்கத் தெரிந்தவர் என்பதனால் சீட்டாட்டத்தின் யோக்கியதையை அறிந்தவராகிவிட மாட்டார். 2025 ஆகஸ்டில் மத்திய சட்டம் அத்தகைய விளையாட்டுகளை அடியோடு தடைசெய்து, விளம்பரம் செய்பவருக்கும் சிறையும் அபராதமும் விதித்தது. அதற்குள் கூலி வாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள்; இழந்தவர்கள் இழந்துவிட்டார்கள்.

பெட்டிச் செய்தி: விளம்பரத்தில் தோன்றுபவரின் பொறுப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 21: தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவராகத் தோன்றினால் 10 லட்ச ரூபாய் வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரையிலும், அடுத்த முறை மூன்றாண்டு வரையிலும் விளம்பரங்களில் தோன்றத் தடை விதிக்கலாம். பொருளின் தன்மையைத் தக்கபடி விசாரித்த பிறகே ஒப்புக்கொண்டார் என்று மெய்ப்பித்தால் தண்டனையிலிருந்து விலக்கு.

கேட்கப்படாத சம்மதம்

வளர்ந்தவர் தம்மை விற்றுக்கொள்வதை அவர் சுதந்தரம் என்று விட்டுவிடலாம். தவழும் குழந்தையின் அழுகையையும், பத்து வயதுச் சிறுமியின் நடனத்தையும், தேர்வில் தோற்ற பிள்ளையைத் தகப்பன் திட்டுவதையும் ‘ரீல்ஸ்’ ஆக்கி, அதன்மேல் சோப்பு விளம்பரமும் பெறும் குடும்பங்கள் இன்று எந்தத் தெருவிலும் இருக்கின்றன. அந்தப் பெற்றோர் அனைவரும் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. கடன் அடைபட்டது, வீடு கட்டினோம் என்று சொல்பவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் சம்பாதித்தது யார்? சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நடிக்கும் குழந்தைகளுக்கு 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள் ஒரு வேலி கட்டியிருக்கின்றன: மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். ஸ்டூடியோவையும் தயாரிப்பாளரையும் மனத்தில் வைத்து எழுதிய விதி அது. தயாரிப்பாளரும் காமிராக்காரரும் காசாளரும் தகப்பனாராகவே இருக்கும் கூடத்துக்குள் எந்த ஆய்வாளரும் வந்து பார்ப்பதில்லை.

மாநிலத் தொழிலாளர் துறை அந்த விதியை வீட்டுப் படப்பிடிப்புக்கும் பொருந்தும்படி தெளிவாக்கி, வருமானம் வரும் குடும்பச் சேனல்களைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். அதுவரை, பிள்ளையின் முகத்தால் பணம் ஈட்டும் பெற்றோர்களே, சட்டம் வந்து கேட்கும் வரை காத்திராமல் ஐந்தில் ஒரு பங்கையாவது பிள்ளையின் பெயரில் வங்கியில் போடுங்கள். பள்ளி நேரத்தில் காமிராவை அணைத்து வையுங்கள். கேட்கும் வயது வந்ததும், இதெல்லாம் இணையத்தில் இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டு, எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.